பத்துப் பேர் பேசினா ஊரே பேசினதா?



சாத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு எங்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டார்கள். டீ, வடை, கையில் ஒரு கவர். "பயிர் இன்சூரன்ஸ் எப்படி இருக்கு? மனம் விட்டுப் பேசுங்கண்ணே" என்றார் வந்த தம்பி. மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்னதையும் இழப்பீடு வராததையும் கொட்டித் தீர்த்தோம். அப்புறம் காட்டிய சுருக்கத்தில் இருந்தது என்ன? 'விவசாயிகள் திட்டத்தை வரவேற்கிறார்கள், விழிப்புணர்வுதான் போதவில்லை.' அடப்பாவிகளா!

இதற்கு ஃபோகஸ் குரூப் என்று பேர். 1940களில் அமெரிக்காவில் ராபர்ட் மெர்ட்டன் போன்றவர்கள் ரேடியோ கேட்பவர்களிடம் செய்து பார்த்த முறை. பிறகு சோப்பு, சிகரெட் விற்கிறவன் பிடித்துக்கொண்டான். ஒருத்தன் ஏன் அப்படி நினைக்கிறான் என்று அறிய உதவும், மறுக்கவில்லை. எத்தனை பேர் நினைக்கிறான் என்று அது சொல்லாது. பத்துப் பேரையும் கூப்பிட்டவனே பொறுக்குகிறான், கேள்வியும் அவனுடையது, எழுதுவதும் அவனே!

2010ல் பி.டி. கத்தரிக்காய்க்கு மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார். திறந்த கூட்டம், விவசாயியும் எழுந்து கத்தினான். அந்த பிப்ரவரி 9ல் தடை வந்தது. ஆனால் அந்த விதை உருவானதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. ஏழில் ஒரு ஊர்கூடத் தமிழ்நாட்டில் இல்லை!

2001ல் ஆந்திராவின் மேதக் மாவட்டத்தில் 'பிரஜா தீர்ப்பு' நடந்தது. 19 பேர்தான், பெரும்பாலும் சிறு விவசாயிகள், பெண்களே அதிகம். அதுவும் சின்னக் கூட்டம்தானே என்பீர்கள். அங்கே கேள்வி கேட்டது அந்த 19 பேர். பதில் சொல்ல உட்கார்ந்தது அதிகாரியும் கம்பெனிக்காரரும். நிலத்தை நம்பிப் பிழைப்பவர்களை நூற்றுக்கு 70லிருந்து 40 ஆக்கும் 'விஷன் 2020' திட்டம் வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

நமக்குக் கிராம சபை இருக்கிறது. 3000 பேர் உள்ள ஊரென்றால் 100 பேர் உட்கார்ந்தால்தான் கோரம். மண்டபத்துக்கு மட்டும் பத்துப் பேர் போதுமாம்!

இனி எவன் கருத்துக் கேட்க வந்தாலும் கிராம சபைக்கு வரச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலு நாளும் பட்டாசு ஆலைக்கு லீவு. ஆலைக்குப் போகிற நம்ம வீட்டுப் பெண்களையும் கூட்டி வாருங்கள், அவர்களும் அரை ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரர்கள்தான். இழப்பீட்டுத் தீர்மானத்தை நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டின பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள்.

இவண்,
சங்கச் செயலாளர்