சாகசம் எல்லாருக்கும் பிடிக்குமா?



2025-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி, ஜப்பானைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் ‘ஸ்விட்ச் 2’ என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டி.வி.யிலும் இணைக்கலாம், கையில் எடுத்துக்கொண்டும் போகலாம். முதல் நான்கு நாட்களிலேயே உலகம் முழுவதும் 35 லட்சத்துக்கும் மேல் விற்றுப்போனது!

வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிறவர்களா? இல்லை. நம் தெருக் கிரிக்கெட்டையே பாருங்கள். காலையும் மாலையும் பயிற்சி எடுத்து, மாவட்ட அணியில் இடம் பிடிக்கத் துடிக்கிறவர் ஒருவர். சாயங்காலம் அரை மணி நேரம் மட்டையைப் பிடித்துவிட்டு, அம்மா கூப்பிட்டதும் வீட்டுக்கு ஓடுகிறவர் இன்னொருவர். வீடியோ விளையாட்டிலும் இப்படி இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகையினரை ‘எப்போதாவது ஆடுகிறவர்கள்’ என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாரும் பெரும்பாலும் இந்த வகைதான்.

இனி, சாகச விளையாட்டு என்றால் என்ன? ஒரு கதை இருக்கும். நீங்கள்தான் அதன் நாயகன் அல்லது நாயகி. ஊர் ஊராகப் போகவேண்டும்; துப்புத் துலக்கவேண்டும்; பூட்டிய கதவுக்குச் சாவி தேடவேண்டும். முடிக்கப் பத்து, இருபது மணி நேரம்கூட ஆகும்.

இவ்வளவு நீளமான விளையாட்டு, கையடக்கக் கருவியில், எப்போதாவது ஆடுகிறவர்களைக் கவர முடியுமா? கவர முயன்றவர்கள் வென்றார்களா? வாருங்கள், அலசுவோம்.

ரயிலில் பிறந்த யோசனை

நின்டெண்டோ 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுத் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். அங்கே வேலை பார்த்தவர் குன்பெய் யோக்கோய். ரயிலில் போகும்போது, பொழுது போகாத பயணி ஒருவர் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தாராம். ‘சட்டைப்பையில் வைக்கும் விளையாட்டுக் கருவி செய்தால் என்ன?’ என்று தோன்றியதாம். அதிலிருந்து 1980-இல் வந்ததுதான் ‘கேம் அண்டு வாட்ச்’. 1989-இல் ‘கேம் பாய்’ வந்தது.

இந்தக் கதையில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. கையடக்க விளையாட்டு, இடையில் கிடைக்கிற சின்ன நேரத்துக்காகப் பிறந்தது. அடுத்த ஸ்டேஷன் வந்தால் இறங்கிவிடவேண்டும்! ஆனால் சாகச விளையாட்டுக்கோ நிறைய நேரம் வேண்டும். ஒன்று துணுக்கு என்றால், மற்றொன்று நாவல். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? சிக்கலே இங்குதான்.

எல்லாரையும் அழைத்தவர்

2002-இல் நின்டெண்டோவின் தலைவரானவர் சடோரு இவாட்டா. அந்தக் காலத்தில் விளையாட்டுக் கருவிகளில் பொத்தான்கள் பெருகிவிட்டன. பழகியவர்களுக்கு அது சுகம். புதிதாக வருகிறவர்களுக்கோ விமானம் ஓட்டச் சொன்னதுபோல் இருந்தது. ‘விளையாடாதவர்களையும் விளையாட வைப்போம்’ என்று இவாட்டா முடிவு செய்தார்.

2004-இல் ‘நின்டெண்டோ டி.எஸ்.’ வந்தது. புத்தகம் போல் விரியும். மேலும் கீழுமாக இரண்டு திரைகள். கீழ்த்திரையில் சிறு குச்சிப் பேனாவால் தொடலாம், எழுதலாம். பேனா பிடிக்கத் தெரியாதவர் உண்டா? அதுதான் சூட்சுமம்!

2005-இல் இரண்டு விளையாட்டுகள் வந்தன. ஒன்று, நாய்க்குட்டி வளர்க்கும் ‘நின்டெண்டாக்ஸ்’. இது சுமார் 2 கோடியே 40 லட்சம் விற்றது. மற்றொன்று, பேராசிரியர் ரியூட்டா கவாஷிமாவின் ஆலோசனையோடு வந்த ‘பிரெய்ன் டிரெய்னிங்’. தினமும் சில நிமிடங்கள் மனக்கணக்குப் போடுவது, சொற்களை நினைவு வைப்பது, அவ்வளவுதான். இது சுமார் 1 கோடியே 90 லட்சம் விற்றது. வயதானவர்களும் இதை விரும்பி ஆடினார்கள்.

ஆனால், இந்த இரண்டும் சாகச விளையாட்டுகள் அல்ல. இதே கூட்டத்தைச் சாகசத்துக்கும் இழுக்கலாமா? 2007-இல் இரண்டு பேர் முயன்றார்கள்.

கடலில் ஒரு கோடு

முதல் முயற்சி நின்டெண்டோவுடையது. 1986-இல் ஷிகெரு மியாமோட்டோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ புகழ்பெற்ற சாகச வரிசை. மியாமோட்டோ சிறுவயதில் கியோட்டோ பக்கத்து மலைகளில் சுற்றி, குகைக்குள் விளக்கோடு நுழைந்து பார்த்த அனுபவமே அதற்கு விதை. அந்த வரிசையில் டி.எஸ். கருவிக்காக எய்ஜி அவோனுமாவின் குழு செய்தது ‘பாண்டம் அவர்கிளாஸ்’, அதாவது மாய மணற்கடிகாரம்.

பேய்க்கப்பலில் மாட்டிக்கொண்ட தோழி டெட்ராவை மீட்க, லிங்க் என்ற சிறுவன் கடலில் புறப்படுகிறான். எங்கே தொடுகிறீர்களோ அங்கே லிங்க் நடப்பான். கடல் வரைபடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டால், கப்பல் அந்தக் கோட்டின்மேல் போகும். ஞாபகம் வைக்கவேண்டியதை வரைபடத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மைக்கில் ‘ஃபூ’ என்று ஊதினால் விளக்கு அணையும்! ஓரிடத்தில், மேல்திரையில் உள்ள முத்திரையைக் கீழே உள்ள வரைபடத்தில் பதிக்கவேண்டும். எப்படித் தெரியுமா? கருவியைப் புத்தகம்போல் மூடித் திறக்கவேண்டும்! எவ்வளவு அழகான கற்பனை!

இவ்வளவு எளிமையாக்கியும், ஒரு சங்கடம் இருந்தது. கதையின் நடுவே ஒரு கோயில். அதற்குள் மணற்கடிகாரத்தில் மணல் இருக்கும்வரைதான் பத்திரமாக இருக்கலாம். அங்கே பலமுறை திரும்ப வரவேண்டும்; கடந்த தளங்களையே மறுபடி கடக்கவேண்டும். குறுக்குவழிகள் உண்டு என்றாலும், பலருக்கு அலுத்துப்போனது. ஒரு சொல்லைப் பிழையாக எழுதியதற்காகப் பாடம் முழுவதையும் மறுபடி எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

கையை எளிதாக்கினார்கள், நேரத்தை எளிதாக்கவில்லை.

பேராசிரியரின் புதிர்கள்

இரண்டாவது முயற்சி, ஃபுக்குவோக்கா நகரில் இருக்கும் ‘லெவல் ஃபைவ்’ நிறுவனத்துடையது. பெயர் ‘புரொபசர் லேட்டன்’. உயரத் தொப்பி வைத்த பேராசிரியரும், லூக் என்ற சிறுவனும் ஒரு விசித்திர கிராமத்துக்கு வருகிறார்கள். அங்கே ‘தங்க ஆப்பிள்’ ரகசியத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் பதிலுக்கு முன் ஒரு புதிர் போடுவார்கள்!

புதிர்களுக்குத் துணை நின்றவர் அகிரா டாகோ. உளவியல் பேராசிரியர். 1966 முதல் ஜப்பானில் அவருடைய புதிர்ப் புத்தகங்கள் வெகு பிரபலம். ஓநாய்களையும் கோழிக்குஞ்சுகளையும் தெப்பத்தில் ஆற்றைக் கடத்தும் புதிரும் இந்த விளையாட்டில் உண்டு. நம் ஊரில் புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று பாட்டி போடும் புதிருக்குச் சொந்தக்காரப் புதிர்தான் அது!

இதில் என்ன விசேஷம்? ஒரு புதிருக்குச் சில நிமிடங்கள் போதும். தப்பாகச் சொன்னால் கொஞ்சம் மதிப்பெண் குறையும், நாயகன் சாகமாட்டான், மறுபடி முயலலாம். திணறினால், ஊரில் ஒளித்து வைத்திருக்கும் நாணயங்களைத் தேடி எடுத்து, அவற்றைக் கொடுத்துக் குறிப்பு வாங்கலாம். தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே யோசிக்கலாம். பெரிய கதையைச் சின்னச் சின்ன கடலைமிட்டாயாக உடைத்துக் கொடுத்துவிட்டார்கள்!

கணக்கு என்ன சொல்கிறது?

‘மாய மணற்கடிகாரம்’ 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. நல்ல விற்பனைதான். ஆனால் நாய்க்குட்டி விளையாட்டோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு! 2009-இல் அடுத்த பாகமான ‘ஸ்பிரிட் டிராக்ஸ்’ வந்தது. கடந்த தளங்களைத் திரும்பக் கடக்கும் தொல்லையை அதில் நீக்கினார்கள். ஆனாலும் விற்பனை சுமார் 30 லட்சம்தான். ஆக, ஒரு குறையைச் சரிசெய்தால் மட்டும் கூட்டம் வந்துவிடாது.

லேட்டன் வரிசையோ, பல பாகங்களாகச் சேர்ந்து 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. அன்று அவ்வளவாகப் பெயர் தெரியாத நாயகனுக்கு இது பெரிய வெற்றி அல்லவா?

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று விற்பனைக் கணக்கு சொல்லும். எத்தனை பேர் கடைசிவரை ஆடி மகிழ்ந்தார்கள் என்று சொல்லாது. நூலகத்தில் எடுத்த புத்தகமெல்லாம் படித்த புத்தகம் ஆகிவிடுமா?

பிறகு நிலைமை மாறியது. டி.எஸ். மொத்தம் 15 கோடியே 40 லட்சம் விற்றது. 2011-இல் வந்த அடுத்த கருவியான ‘3 டி.எஸ்.’ அதில் பாதிதான் விற்றது. காரணங்களில் ஒன்று, எல்லார் கையிலும் வந்துவிட்ட செல்போன். எப்போதாவது ஆடுகிறவர்களில் பலர் அங்கே போய்விட்டார்கள்.

சாகசம் தோற்றுவிட்டதா? அப்படியும் சொல்ல முடியாது. 2017-இல் ‘ஸ்விட்ச்’ கருவியோடு வந்த செல்டா சாகசமான ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ 3 கோடிக்கும் மேல் விற்றது. அதற்குப் பொத்தான்கள் ஏராளம். எளிதும் அல்ல. ஆனால் எந்த மலைமேலும் ஏறலாம். எந்தப் பக்கமும் போகலாம். பெரும்பாலான இடங்களில் சேமித்து நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். இருபது நிமிடம் கிடைத்தாலும் ஒரு குன்றைச் சுற்றிப் பார்த்த திருப்தி உண்டு.

ஆகவே, என் தீர்ப்பு இதுதான்: எளிதாக இருந்தால் புதியவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுடைய நேரத்தை மதித்தால்தான் தங்குவார்கள். இரண்டையும் செய்த சாகச விளையாட்டுகள் வென்றன. ஒன்றை மட்டும் செய்தவை பாதி வென்றன.

நமக்கு என்ன?

‘எங்களிடம் இந்தக் கருவியெல்லாம் இல்லையே, ஐயா’ என்கிறீர்களா? செல்போன் இருக்கிறதே! அதில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள் பல, நீங்கள் நிறுத்தாமல் இருந்தால்தான் சம்பாதிக்கும். விளம்பரம் காட்டும், ‘நாளை வராவிட்டால் பரிசு போய்விடும்’ என்று அவசரப்படுத்தும், நாணயம் வாங்கக் காசு கேட்கும். லேட்டன் கதையிலும் நாணயம் உண்டு. ஆனால் அதைத் தேடி எடுப்பது உங்கள் கண். அப்பாவின் பணப்பை அல்ல.

எனவே, எந்த விளையாட்டைத் திறக்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. நான் நினைத்த நேரத்தில் இதை நிறுத்த முடிகிறதா?

2. தோற்றால் மறுபடி முயலச் சொல்கிறதா, காசு கேட்கிறதா?

3. பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து யோசிக்க இடம் தருகிறதா?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அது நல்ல தோழன். இல்லாவிட்டால் அது உங்கள் நேரத்தைத் திருடும் திருடன். வீட்டில் பெரியவர்களிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கையிலும் செல்போன் இருக்கிறதே!

மூளைக்கு வேலை

பேராசிரியர் லேட்டன் பாணியில் ஒரு புதிர். 3 ஓநாய், 3 கோழிக்குஞ்சு. எல்லாம் ஆற்றைக் கடக்கவேண்டும். தெப்பத்தில் ஒரு தடவை இரண்டு பிராணிகள்வரை ஏறலாம். யாராவது ஒருவர் இருந்தால்தான் தெப்பம் நகரும். எந்தக் கரையிலும் குஞ்சுகளைவிட ஓநாய்கள் அதிகமாகிவிட்டால் குஞ்சுகள் காலி! (குஞ்சே இல்லாத கரையில் எத்தனை ஓநாய் நின்றாலும் பரவாயில்லை.) தெப்பம் குறைந்தது 11 தடவை ஆற்றைக் கடந்தால் போதும். புளியங்கொட்டையையும் சோழியையும் வைத்து முயன்று பாருங்கள். பாட்டியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்!