நல்ல கொழுப்பு 32

நன்னிலத்திலிருந்து சித்தப்பா போன். "ரத்தம் டெஸ்ட் பண்ணினேன்டா. நல்ல கொழுப்பு 32தானாம். 40க்கு மேல இருக்கணுமாம். அதை ஏத்தறதுக்கு மாத்திரை இருக்காமே?"

இருந்தது சித்தப்பா.

டார்செட்ராபிப் என்று பெயர். (வாயில் நுழையாவிட்டாலும் வயிற்றில் நுழைந்தது!) நல்ல கொழுப்பிலிருந்து கெட்டதுக்குச் சரக்கு கடத்தும் ஒரு புரதத்தை முடக்குகிற மாத்திரை. ஃபைசர் கம்பெனி 15,000 பேருக்கு மேல் சோதித்தது. நல்லது 72 சதவீதம் ஏறியது, கெட்டது 25 சதவீதம் இறங்கியது. ரிப்போர்ட்டுக்கு மாலையே போடலாம். ஆனால் கூடவே ரத்த அழுத்தமும் ஏறியது. மாத்திரை சாப்பிட்ட பாதியில் 82 பேர் காலி; சாப்பிடாத பாதியில் 51. 2006 டிசம்பரில் மூட்டை கட்டிவிட்டார்கள். அதே ஜாதி மாத்திரைகளை 2012-ல் ரோஷும் 2015-ல் எலி லில்லியும் கைகழுவின. மெர்க்கின் மாத்திரை 2017-ல் கொஞ்சம் பலன் காட்டியது. அதுவும் கெட்டதைக் குறைத்த புண்ணியம்தான் என்கிறார்கள். கடைக்கு வரவில்லை.

"எனக்கு மட்டும் ஏன்டா கம்மி?"

"உங்களுக்கு மட்டுமா? தமிழ்நாடு உட்பட நாலு இடத்துல எடுத்து, 2014-ல வெளியான ஆய்வுல நூத்துக்கு 72 பேருக்குக் கம்மி."

"அப்படியா!" குரலில் தெம்பு. ஊரோடு ஒத்து வாழ்கிறாராம்.

"கெட்டது எவ்வளவு?"

"அது 168. அதை விடு."

"அதுதான் சித்தப்பா முக்கியம்! அதைக் குறைக்கத்தான் ருசுவான மாத்திரை இருக்கு. ஸ்டாட்டின். டாக்டர் எழுதித் தரலையா?"

"தந்தார். சட்டைப்பையிலயே கிடக்கு."

பின்னால் சித்தியின் குரல்: "எந்தச் சட்டை? கோடு போட்டதா? காலம்பறவே துவைச்சுக் காயப்போட்டாச்சே!"