அழுக்கை மருந்தென்று விற்காதீர்கள்

நான்கு மாதத்துக்கு முன் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதானியத் திருவிழா நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சிறு நூலை இலவசமாகக் கொடுத்தார்கள். என் தங்கை மகனும் ஒன்று வாங்கி வந்தான். அவனுக்கு 26 வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் பார்க்கிறவன். மூன்று வருடமாக அவனுக்குப் பெருங்குடல் புண் நோய். டாக்டர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். மெசலமின் மாத்திரையில் நோய் அடங்கி, வேலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தான். நூலைப் படித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டான். எங்களிடம் சொல்லவில்லை. ஆறாவது வாரம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, சளியும் ரத்தமுமாகப் போனது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றித்தான் அவனை எழுப்பி உட்காரவைக்க முடிந்தது.

நான் கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த நூலை எழுதியவரின் பெயரை இங்கே சொல்லி அவருக்கு விளம்பரம் தர மாட்டேன். அவர் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அவர் வாதம் இதுதான். நம் பாட்டிகள் மண்ணிலும் சாணத்திலும் வளர்ந்தார்கள், அவர்களுக்குக் குடல் நோய் இல்லை. சோப்பும் குளோரினும் தடுப்பூசியும் பூச்சி மாத்திரையும் வந்தபின் நம் எதிர்ப்பாற்றலுக்கு வேலையில்லாமல் போய், அது சொந்தக் குடலையே தாக்குகிறது. ஆகவே கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடியுங்கள், பிள்ளையை மண் தின்ன விடுங்கள், பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையை மறுத்துவிடுங்கள், குடல் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கைவிடுங்கள். விடுதிச் சாப்பாட்டில் பேதி கண்ட தொழிற்சாலைப் பெண்களையும் அவர் விடவில்லை: அவர்கள் உடம்பு அளவுக்கு மீறிச் சுத்தமாக வளர்க்கப்பட்டதால்தான் தாங்கவில்லையாம்.

இதில் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் என் தங்கை மகன் நம்பியிருக்க மாட்டான். அந்தத் துளியிலிருந்தே தொடங்குகிறேன்.

1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்ததில், அண்ணன் அக்கா அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு மகரந்தத் தும்மல் நோய் குறைவாக இருந்தது. மூத்த பிள்ளைகளிடமிருந்து சிறு வயதில் தொற்றுகள் ஒட்டியது காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். தூய்மைக் கருதுகோள் என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. ஒவ்வாமையைப் பற்றிச் சொன்னதை ஆஸ்துமாவுக்கும் சிறு பிள்ளைகளின் சர்க்கரை நோய்க்கும் குடல் புண்ணுக்கும் நீட்டிப் பார்த்தார்கள்.

நீட்டியதற்குக் காரணமும் இருந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் அதே இனத்துக் குடல் நோயான க்ரோன்ஸ் நோயும் பணக்கார நாடுகளில் முதலில் பெருகின. இப்போது நம் நாட்டிலும் கூடுகின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் க்ரோன்ஸ் நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வளாகத்தில் மாடு இருந்தவர்களிடம் அந்த நோய் குறைவாகத் தெரிந்தது. இதை மறைக்க எனக்கு அவசியமில்லை. நூலாசிரியருக்கு இது தெரிந்திருந்தால் பெரிய எழுத்தில் போட்டிருப்பார். ஆனால் மாட்டோடு வாழ்வதும் மலம் கலந்த தண்ணீரைக் குடிப்பதும் ஒன்றா? அவர் நூல் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் நிற்கிறது.

ஸ்ட்ராக்கனுக்குப் பின் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தட்டம்மை போன்ற பிள்ளைப்பருவத் தொற்றுகள் ஒவ்வாமையிலிருந்து காக்கின்றனவா என்று தேடினார்கள், காக்கவில்லை. 2003-இல் கிரஹாம் ரூக் என்ற லண்டன் விஞ்ஞானி இந்தக் கருத்தையே திருத்தி எழுதி, பழைய நண்பர்கள் என்று பெயர் வைத்தார். மனிதன் மனிதனாவதற்கு முன்பிருந்தே நம்மோடு வாழும் குடல் நுண்ணுயிர்கள், மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள தீங்கற்ற கிருமிகள், சில புழுக்கள்: இவைதான் எதிர்ப்பாற்றலுக்கு அடக்கம் கற்றுக்கொடுக்கின்றன என்றார். ஜனம் நெருக்கமாக வாழத் தொடங்கியபின் வந்த காலராவும் தட்டம்மையும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை நண்பர்கள் அல்ல, கொலையாளிகள். 1989-இன் கருத்திலேயே நின்றுபோன ஒருவர் 2003-இன் திருத்தத்தைக் கண்டுகொள்ளாமல் அறிவியல் சொல்கிறது என்று அச்சடித்து ஊருக்குக் கொடுப்பது அயோக்கியத்தனம்.

புழுவுக்கு வருவோம். பூச்சி மாத்திரையை மறுக்கச் சொல்லும் பக்கத்தைப் படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது.

புழு குடல் புண்ணை ஆற்றுமா என்று உண்மையாகவே சோதித்தார்கள். அமெரிக்காவின் அயோவாவில் ஜோயல் வைன்ஸ்டாக் குழுவினர் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மனிதக் குடலில் நெடுநாள் தங்காத புழு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2005-இல் வந்த முடிவில், பெருங்குடல் புண் நோயாளிகள் 54 பேரில் முட்டை சாப்பிட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கும், வெற்று மருந்து சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. நூலாசிரியர் இந்த வரியோடு நிறுத்திவிட்டார். கதை அங்கே முடியவில்லை. க்ரோன்ஸ் நோயாளிகள் 250 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2013-இல் வந்தது. முட்டைக்கும் வெற்று மருந்துக்கும் வித்தியாசமில்லை. ஐரோப்பாவில் நடந்த சோதனையையும் பலனில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். அளந்து, சுத்தம் செய்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்த புழுவே கைவிட்ட நோய்க்கு, படப்பை ஏரிக்கரை மண்ணில் கிடக்கும் கொக்கிப்புழுவைச் சிபாரிசு செய்கிறார் இவர்.

கொக்கிப்புழு என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன். குடல் சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். மண் தின்னும் பிள்ளையைத் திடமான பிள்ளை என்கிறார் அவர். மண் தின்னும் பிள்ளையை எத்தனை முறை இடுப்பில் தூக்கியிருக்கிறேன்! கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது, வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருக்கும். ரத்தசோகையால்தான் அது மண்ணைத் தேடுகிறது. அந்த மண்ணிலிருந்து புழு ஏறி, இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சுகிறது. 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் தேதியும் ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். வேண்டாம் என்று கையெழுத்திட்ட சீட்டோடு பிள்ளையை அனுப்பிய தாயை இந்த வருடம் நானே பார்த்தேன். அவள் கைப்பையில் இந்த நூல் இருந்தது.

அழுக்குக் குடலைப் பயிற்றுவிக்கிறது என்பது உண்மையானால், அது முதலில் தெரியவேண்டிய ஊர், பிள்ளைகள் ஓயாத பேதியில் வளர்ந்த வேலூர். அங்கே நடந்ததோ நேர்மாறு. 1970-களில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், குடல் வழியாக எதிர்ப்பாற்றலைத் தூண்டும் போலியோ சொட்டு மருந்து மேலைநாட்டுப் பிள்ளைகளிடம் வேலை செய்த அளவுக்கு வேலூர்ப் பிள்ளைகளிடம் வேலை செய்யவில்லை என்று காட்டினார். மூன்று தவணை போதாமல் மேலும் மேலும் கொடுக்கவேண்டி வந்தது. டெல்லி, புனே, வேலூர் பிள்ளைகளிடம் சோதித்து 2014-இல் முடிவு வெளியான ரோட்டாவேக் மருந்தும், கடுமையான ரோட்டாவைரஸ் பேதியை முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம்தான் தடுத்தது. ஐரோப்பாவில் இதே வகை மருந்துகள் 90 சதவீதத்தைத் தொடுகின்றன. வயிற்றில் ஏற்கனவே குடியிருக்கும் தொற்றுகளும், ஓயாத பேதியால் தேய்ந்துபோன குடல் சுவரும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. உணவை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் விரல்போல் நீண்டிருக்க வேண்டியவை, இந்தப் பிள்ளைகளுக்கு மழுங்கிக் கிடக்கின்றன. பிள்ளை சாப்பிடுகிறது, வளரமாட்டேன் என்கிறது. அழுக்குத் தண்ணீர் தரும் பயிற்சி இதுதான்.

இனி அந்தப் பெண்கள். 2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் சாப்பாட்டால் பேதி கண்டு விழுந்தார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். தோழிகள் செத்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலையை மூடினார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12-ஆம் தேதிதான் ஆலை திறந்தது. சாப்பாடு கெட்டிருந்தது, தங்கிய இடம் சரியில்லை. பொருளை வாங்குகிற நிறுவனமே ஒத்துக்கொண்டதை மறுத்து, குற்றம் அந்தப் பெண்களின் வயிற்றில் என்கிறார் இவர். யாரைக் காப்பாற்ற?

கிராமத்திலிருந்து வந்த அந்தப் பெண்கள் சுத்தத்தில் ஊறியவர்களா? அவர்களில் பலர் கிணற்றுத் தண்ணீரும் மாட்டுத் தொழுவமுமாக வளர்ந்தவர்கள். அவர் கணக்குப்படி பார்த்தாலும் அவர்களுக்குத்தான் எதிர்ப்பாற்றல் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். கெட்ட சோறு அதைப் பார்த்தா பேதியைத் தந்தது?

இன்னொன்றும் இருக்கிறது, அது அவர் வாதத்தின் வேரையே அறுப்பது. டென்மார்க்கில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் கிருமிகளால் பேதி கண்ட 13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2009-இல் வந்த முடிவு: பேதி காணாதவர்களைவிட அவர்களுக்கு இந்தக் குடல் புண் நோய்கள் வந்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பேதிக்காகச் சோதிக்கப்போய் ஏற்கனவே இருந்த நோய் கண்ணில் பட்டிருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கெட்ட உணவு குடல் புண்ணிலிருந்து காக்கும் என்பதற்கு இதில் எங்கே இடம்?

அப்படியானால் பழைய நண்பர்களை உண்மையில் கொல்வது எது? சிறு வயதில் விழுங்கும் ஆன்டிபயாடிக். அப்படிச் சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பின்னாளில் குடல் புண் நோய் கூடுதலாக வருவதை டென்மார்க்கிலும் கனடாவிலும் கண்டிருக்கிறார்கள். படப்பையிலிருந்து ஒரகடம் வரை லைன் வீடுகளில் ஆன்டிபயாடிக் எப்படி வயிற்றுக்குள் போகிறது என்று எனக்குத் தெரியும். போர்வெல்லுக்கு இருபதடியில் செப்டிக் டேங்க். பத்துப் பேருக்கு ஒரு கக்கூஸ். பிள்ளைக்குப் பேதி. அப்பன் ஷிப்டுக்கு ஓட வேண்டும், அம்மா ஷிப்டிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள். மெடிக்கல் ஷாப்பில் வயதைக்கூடக் கேட்காமல் ஒரு சிரப் கொடுப்பார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் போதுமான பேதிக்கு, வருடத்தில் ஐந்து முறை ஆன்டிபயாடிக். நல்ல கிருமிகளைத் துடைத்தெடுப்பது சோப்பு அல்ல. அழுக்குத் தண்ணீர் பேதியைத் தருகிறது, பேதி அந்த சிரப்பைக் கூட்டிக்கொண்டு வருகிறது. குடலின் நண்பர்களைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது சுத்தமான தண்ணீரை.

தாய்ப்பாலும் அப்படித்தான். அது குடல் நோய்க்கு எதிரான காப்பு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒப்பந்த வேலைக்காரி மூன்றாம் மாதமே லைனில் போய் நிற்கிறாள், பிள்ளை புட்டிப்பாலுக்குப் போகிறது. அந்த நூலின் 48 பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. க்ரோன்ஸ் நோயை மோசமாக்கும் புகைக்கு ஒரு வரி இல்லை. கேன்டீனிலும் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பாக்கெட் தீனிக்கு ஒரு வரி இல்லை.

பாட்டிகளுக்குக் குடல் நோய் இல்லை என்று அவருக்கு யார் சொன்னது? கொலோனாஸ்கோப்பி இல்லாத காலத்தில் ரத்தமும் சளியுமாகப் போனதெல்லாம் சீதபேதிதான். அதில் எது கிருமி, எது புண் நோய் என்று பிரித்தவர் யார்? 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 13. என் அம்மாச்சி ஒன்பது பெற்றாள், நான்கு தங்கியது. அவள் காலத்து மண்ணைப் புகழ்கிறவர் அந்த ஐந்தையும் எண்ணிக்கொண்டு பேச வேண்டும்.

கடைசியாக, மாத்திரை. நம் நாட்டில் க்ரோன்ஸ் நோயும் குடல் காசநோயும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். பிரித்தறிய நல்ல மருத்துவர்களே திணறுகிறார்கள். காசநோய்க்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் பரவும். க்ரோன்ஸ் நோயைக் காசநோய் என்று மருத்துவம் பார்த்தால் மாதங்கள் வீணாகும். இப்படிப்பட்ட நோயில், ஒரு நோயாளியையும் தொட்டுப் பார்க்காமல், மருந்தைக் கைவிடு என்று பொதுவில் எழுத ஒருவருக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

இரண்டாம் பதிப்பு பொங்கலுக்கு வருகிறது என்று நூலின் பின்னட்டையில் போட்டிருக்கிறது. ஐயா, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பக்கத்தையும் பூச்சி மருந்தை மறுக்கச் சொல்லும் பக்கத்தையும் அதற்கு முன் எடுத்துவிடுங்கள். கொடுத்து முடித்த பிரதிகளுக்கு, அதே மண்டபத்தில், அதே மைக்கில் நின்று, தவறாகச் சொன்னேன் என்று சொல்லுங்கள். என் தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.