முதல் ஆறு எழுத்தில் இருக்கிறது ஜாதகம்

பிள்ளைகள் பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை பார்க்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் தருமபுரி மாவட்டத்தில் ஏராளம். கையில் நாலு காசு சேர்ந்ததும் பிள்ளைக்கு வரும் முதல் ஆசை, ஊரில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது. அங்கேயே தெரிந்த இன்ஜினீயரிடம் சொல்லி பிளான் போட்டு, ஃபைலை வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பிவிடுவார். "நம்மூர் பிளான் கடையில காட்டுங்கப்பா, சின்னச் சின்ன மாத்தம் இருந்தா அவங்களே பண்ணிடுவாங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் கூடவே வரும்.

அப்பா பஸ் ஏறி, அரூரிலோ பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ உள்ள கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறக்கிறார். படம் வரவில்லை. 'டிராயிங் ஃபைல் இஸ் நாட் வேலிட்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது.

"ஃபைல் கெட்டுப் போச்சுங்க ஐயா. தம்பிய மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

தம்பி மறுபடி அனுப்புகிறார். அதே பெட்டி. மூன்றாவது முறை பென் டிரைவில் வருகிறது. அப்போதும் அதே பெட்டி. கடைசியில், "பிரின்ட் இருந்தா குடுங்க, பார்த்து புதுசா வரைஞ்சிடலாம்" என்கிறார் கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஆனால் ஏற்கெனவே காசு கொடுத்து வரைந்த பிளானுக்கு இரண்டாவது முறையும் காசு போகிறது. அதுகூடப் பரவாயில்லை. பேப்பரைப் பார்த்துத் திரும்ப வரையும்போது ஒரு தூண் அரை அடி நகர்ந்தாலும், மேஸ்திரி கடைக்கால் தோண்டுவது அந்தத் தப்பான இடத்தில்தான். அது தெரிய வரும்போது கம்பி கட்டி முடித்திருப்பார்கள்.

இத்தனைக்கும் ஃபைல் கெடவே இல்லை.

வீட்டு பிளான் வரைய பெரும்பாலோர் பயன்படுத்தும் மென்பொருள் ஆட்டோகேட். 1982-ல் வந்த இது, அதன் பிறகு புதுப் பதிப்பு புதுப் பதிப்பாக மாறிக்கொண்டே இருக்கிறது. படத்தைச் சேமிக்கும் ஃபைலுக்கு டி.டபிள்யூ.ஜி. என்று பெயர். சில வருடங்களுக்கு ஒரு முறை அந்த ஃபைலின் உள் அமைப்பையும் கம்பெனி மாற்றிவிடும். புது மென்பொருள் பழைய ஃபைலைப் படித்துவிடும். பழைய மென்பொருளுக்குப் புது ஃபைல் புரியாது. பேரன் எழுதும் பாஷை தாத்தாவுக்குப் புரியாத மாதிரி. பெங்களூர் இன்ஜினீயர் வைத்திருப்பது புதுசு, கடைக்காரர் வைத்திருப்பது பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தையது. விஷயம் அவ்வளவுதான். பெட்டியில் 'இது உன்னைவிடப் புதிய பதிப்பு' என்று நேராகச் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு மூன்று பஸ் டிக்கெட் மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பெட்டி சொல்லாததை ஃபைலே சொல்லும். எந்த டி.டபிள்யூ.ஜி. ஃபைலை எடுத்தாலும், அதன் முதல் ஆறு எழுத்து அதன் ஜாதகம்.

பார்ப்பதற்கு ஆட்டோகேட் தேவையில்லை. ஃபைலை முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலை கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும் நோட்பேடில் திறங்கள். திரை முழுக்க பூச்சி பூச்சியாக என்னென்னவோ வரும். பயப்பட வேண்டாம், அது மனிதர் படிக்க எழுதியது இல்லை. ஆனால் முதல் வரியின் தொடக்கத்தில் மட்டும் 'ஏசி' என்று இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்தும், ஒட்டினாற்போல் நான்கு இலக்க எண்ணும் தெளிவாக நிற்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நோட்பேடை மூடிவிடுங்கள். மூடும்போது 'சேவ் பண்ணவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். நோட்பேடில் சேவ் செய்தால் ஃபைல் அப்போது நிஜமாகவே கெட்டுப்போகும். நகல் எடுக்கச் சொன்னது அதனால்தான்.

எண்ணுக்கு அர்த்தம் இதுதான். ஏசி1015 என்றால் 2000-ம் ஆண்டுப் பதிப்பின் அமைப்பு. ஏசி1018 என்றால் 2004. ஏசி1021 என்றால் 2007. ஏசி1024 என்றால் 2010, ஏசி1027 என்றால் 2013. ஏசி1032 என்று இருந்தால் 2018. அதைவிடப் பழைய ஏசி1014, ஏசி1009 எல்லாம் தொண்ணூறுகளைச் சேர்ந்தவை. பழைய ஃபிளாப்பியிலிருந்து மீட்ட படங்களில் தட்டுப்படலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். இந்த எண் ஃபைல் எந்த அமைப்பில் சேமிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். எந்த வருட மென்பொருளில் வரைந்தார்கள் என்பதை அல்ல. 2013 அமைப்பு 2017 பதிப்பு வரை அப்படியே தொடர்ந்தது. 2018 அமைப்பும் அதற்குப் பின் வந்த பல பதிப்புகளில் மாறவில்லை. அதேபோல் புத்தம் புது மென்பொருளில் வரைந்துவிட்டு, 'சேவ் ஆஸ்' போட்டு 2004 அமைப்பில் சேமித்தால் ஃபைல் தன்னை ஏசி1018 என்றுதான் சொல்லிக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

ஆக, அப்பா செய்ய வேண்டியது ஒரே ஒரு போன். "கண்ணு, ஃபைல் கெடலையாம். இங்க கடையில பழசு வச்சிருக்காங்க. உங்க இன்ஜினீயர்கிட்ட 2007-ல சேவ் பண்ணி அனுப்பச் சொல்லு." இன்ஜினீயருக்கு இது ஒரு நிமிட வேலை. அவரைப் பிடிக்க முடியவில்லை என்றாலும் வழி உண்டு. ஆட்டோகேட் கம்பெனியே 'டி.டபிள்யூ.ஜி. ட்ரூவியூ' என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. புது ஃபைலைப் பழைய அமைப்புக்கு மாற்றும் வசதி அதில் இருக்கிறது. கடைக்காரர் ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

தொடக்க வரியைப் பார்த்துக் காலம் சொல்வது தருமபுரிக்குப் புதிதல்ல. மாடுபிடிச் சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் இந்த மாவட்டத்தில் நிறையக் கிடைத்திருக்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். வட்டெழுத்தில் உள்ள பழைய கற்கள் பலவற்றில் எடுத்த எடுப்பில் 'கோவிசைய' என்று தொடங்கி, அரசன் பெயர் வரும். அடுத்து அவன் ஆட்சியில் அது எத்தனையாவது 'யாண்டு' என்று வரும். வீரன் யார், எந்த ஊர், எப்படி இறந்தான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கல் பாதி உடைந்திருந்தாலும் முதல் வரி மட்டும் பிழைத்திருந்தால் ஆய்வாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அதே பெயரில் இரண்டு அரசர்கள் இருந்துவிட்டால் முதல் வரி மட்டும் போதாது, எழுத்தின் வடிவத்தையும் பார்த்தாக வேண்டும். ஃபைல் விஷயத்திலும் அந்தச் சிக்கல் உண்டு.

டி.டபிள்யூ.ஜி. மட்டுமல்ல, நம் போனில் இருக்கும் அநேக ஃபைல்கள் இப்படி ஒரு தொடக்க அடையாளத்தோடுதான் பிறக்கின்றன. பி.டி.எஃப். ஃபைலைத் திறந்தால் ஒரு சதவீதக் குறி, 'பி.டி.எஃப்.' என்ற மூன்று எழுத்து, ஒரு கோடு, பிறகு 1.4 அல்லது 1.7 என்று பதிப்பு எண் இருக்கும். ஏதோ ஓர் இணையதளத்தில் சான்றிதழ் இறக்கியிருப்பீர்கள், பெயர் பி.டி.எஃப். என்றுதான் இருக்கும், ஆனால் திறக்காது. நோட்பேடில் பார்த்தால் தொடக்கத்தில் 'எச்.டி.எம்.எல்.' என்று இருக்கலாம். அப்படியென்றால் வந்து சேர்ந்தது சான்றிதழே இல்லை. 'மீண்டும் முயற்சிக்கவும்' போன்ற ஏதோ ஒரு இணையப் பக்கம் சான்றிதழின் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. போனைக் குறை சொல்லாமல் திரும்ப இறக்கினால் போதும்.

வேர்டு, எக்செல் ஃபைல்களில் 2007-க்குப் பிறகு வந்தவை 'பி.கே.' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அது ஃபில் கேட்ஸ் என்பவரின் பெயர்ச் சுருக்கம். ஜிப் என்று நாம் சொல்லும் சுருக்கு முறையை 1989-ல் கொண்டுவந்த அமெரிக்கர் அவர். வேர்டு ஃபைல் என்பதே உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான். தன் பெயரின் முதல் எழுத்துகள் உலகத்தில் இத்தனை கோடி ஃபைலில் உட்காரும் என்று அவர் நினைத்திருப்பாரா!

இங்கேதான் ஒரே பெயரில் இரண்டு அரசர்கள். ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவ உதவும் ஏ.பி.கே. ஃபைலும் அதே 'பி.கே.'வில்தான் தொடங்குகிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கே.ஒய்.சி. என்ற பெயர்களில் ஏ.பி.கே. ஃபைல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நாடு முழுக்க இருக்கின்றன. தெரிந்த நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர்கள் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். இதற்கு முதல் எழுத்துப் பரிசோதனை எல்லாம் வேண்டாம். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். எந்த மாமன் மகள் கல்யாணமாக இருந்தாலும் பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும். தெரியாமல் அழுத்திப் பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

பிளான் கடைக்கே திரும்பலாம். ஒரு ஃபைல் என்றால் நோட்பேட் போதும். இருபது வருடம் கடை நடத்தியவரின் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் ஃபைல் கிடக்கும். எது பழசு, எது புதுசு, எதற்கு மாற்றம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் வாரக்கணக்கில் ஆகும். கடையை மகனோ மகளோ ஏற்றெடுக்கும்போது முதல் தலைவலி இதுதான். 2009-ல் வீடு கட்டிய வாடிக்கையாளர் இன்று மாடி எடுக்க வருகிறார். அவர் பிளான் எங்கே?

இதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை. கணினி அறிவியல் பாடம் எடுத்துப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்திலேயே பைத்தான் மொழி இருக்கிறது. பத்துப் பதினைந்து வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதலாம். ஃபோல்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் எடு. முதல் ஆறு பைட்டை மட்டும் படி. ஏசி1015 என்றால் 2000, ஏசி1018 என்றால் 2004 என்ற பட்டியலோடு ஒப்பிடு. ஃபைல் பெயரையும் பதிப்பையும் ஒரு எக்செல் தாளில் எழுது. அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு ஃபைலிலும் ஆறே பைட் என்பதால் ஆயிரம் ஃபைலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எழுதும் பிள்ளை கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபைலைத் திறக்கும்போது 'ஆர்.பி.' முறையில், அதாவது பைனரியாகப் படிக்க மட்டும் என்று சொல்லித் திறக்க வேண்டும். வெறும் 'ஆர்.' என்று விட்டால் பைத்தான் அதைக் கடிதம் போல வாசிக்கப் பார்த்து, பூச்சி எழுத்துகளில் தடுக்கி விழுந்து பிழை காட்டும். 'டபிள்யூ.' என்று தவறியும் போடக் கூடாது. அது எழுதும் முறை. போட்ட கணத்தில் உள்ளே இருப்பதெல்லாம் துடைக்கப்பட்டு ஃபைல் காலியாகிவிடும். முதலில் பத்து ஃபைலின் நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தத்துக்கும் ஓட்டலாம்.

இப்படி ஓட்டும்போது 'பேக்' என்று முடியும் ஃபைல்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆட்டோகேட் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய படத்தை அந்தப் பெயரில் ஒதுக்கி வைக்கும். குப்பை என்று பலரும் அழித்துவிடுவார்கள். ஸ்கிரிப்ட் அதன் முதல் ஆறு எழுத்தைப் படித்தால் அங்கேயும் 'ஏசி' என்றே வரும். உள்ளே இருப்பது முழு பிளான், பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும்தான் வேறு. அதை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றினால் படம் திறந்துகொள்ளும். தொலைந்தது என்று நினைத்த 2009 வீடு அதில் இருந்தாலும் இருக்கும்.

வீடு கட்டப் போகிறவர்கள் இன்ஜினீயரிடம் காசு கொடுத்து பிளான் வாங்கும் அன்றே மூன்று ஃபைல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவர் வரைந்த டி.டபிள்யூ.ஜி. ஒன்று, அதையே 2007 அல்லது 2004 அமைப்பில் சேமித்தது ஒன்று, அளவுகளோடு ஒரு பி.டி.எஃப். மூன்றையும் வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவிடாமல் ஒரு பென் டிரைவில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே பீரோவில் வைத்துவிடுங்கள்.