டென்மார்க்கும் வானம் பார்த்த பூமியும்

“ஐரோப்பா, ஐரோப்பா என்று எழுதுகிறீர்களே, அங்கே நம்மைப்போல் காட்டை நம்பிப் பிழைக்கும் ஜனங்களே கிடையாதா? எல்லோரும் பீரங்கிக்காரர்கள்தானா?” என்று வீரசோழன் பக்கத்துத் தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆகவே இவ்வாரம் டென்மார்க் தேசத்தைப்பற்றிச் சிறிது எழுதுகின்றோம்.

இத்தேசத்தார் நமக்குப் புதியவர்களல்ல. 1620-ம் வருஷம் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் இவர்களே. 1845-ல் அதனைச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லக்ஷம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரோடு ஊராரும் விலை போனார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1706-ல் அங்கு வந்து, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்தார். அது நன்மையே. ஆனால் 1733-ல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்த அதே மிஷன், ராஜநாயக்கன் என்னும் ஆதிதிராவிடரை, ஊழியத்தில் யாதொரு குறைவும் இல்லாதிருந்தும், சாதியை முன்னிட்டு உபதேசியாராகவே நிறுத்திவிட்டது. கப்பலேறி வந்த மதமும் நம் கரையில் கால் வைத்தவுடன் வருணத்துக்குக் கைகட்டி நின்றது!

இனி தேசத்தைப் பார்ப்போம். பரப்பில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஜனத்தொகை சுமார் 60 லக்ஷம். 1788-க்கு முன் அங்கே குடியானவப் பிள்ளை நான்கு வயது முதல் நாற்பது வயது வரை மிராசுதாரனுடைய எல்லையைத் தாண்டக்கூடாது. அந்தக் கட்டை அறுத்த பின், 1814-ல் ஆண் பெண் இருபாலாருக்கும் கட்டாயப் படிப்புச் சட்டம் செய்தார்கள். 1864-ல் யுத்தத்தில் தோற்று, தேசத்தில் ஒரு பெரிய பங்கை இழந்தார்கள். மிஞ்சியதில் மேற்குப் பக்கம் பெரும்பாலும் மணலும் புதருமான பொட்டல். 1866-ல் அதற்கென்றே ஒரு சங்கம் வைத்து, மரம் நட்டு, வாய்க்கால் வெட்டி, அதை விளைநிலமாக்கினார்கள். மழைக்கு யாகம் வளர்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்கத் தானியம் வந்து விலை விழுந்தபோது, தானியத்தை விட்டு மாட்டைப் பிடித்தார்கள். 1882-ல் யெடிங் என்ற சிற்றூரில் குடியானவர்கள் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கினார்கள். பின்னர் ஊருக்கூர் அது பரவிற்று. இதில் விசேஷம் என்னவென்றால், ஐம்பது மாடு உள்ளவனுக்கும் ஒரே ஓட்டு, ஒரு மாடு உள்ளவனுக்கும் ஒரே ஓட்டு. இருவர் பாலும் ஒரே தொட்டியில்தான் விழும். இந்தப் புத்தி திடீரென்று வந்ததல்ல. 1844 முதலே பரீட்சையில்லாத பள்ளிகள் வைத்து, கிராமத்து வாலிபர்களைக் குளிர்காலத்தில் தங்கவைத்து, சரித்திரமும் பாஷையும் பேச்சும் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். இதற்கு யோசனை சொன்ன குருண்ட்விக் ஒரு பாதிரியார் என்பதையும் நாம் மறைக்கவில்லை.

குறையில்லாத தேசமென்று சொல்ல வரவில்லை. இன்றும் அரசரும் அரசாங்க மதமும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் 1848 வரை அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்தவர்கள் இவர்களே.

நம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் மாடு உண்டு, ஆடு உண்டு. பால் சங்கங்களும் சட்டப்படி உண்டு. சங்கத்துப் புஸ்தகத்தில் எல்லோருக்கும் ஒரு ஓட்டு என்றுதான் இருக்கின்றது. சேரிக்காரர் கறந்த பாலை ஊரார் பாலோடு ஒரே கேனில் ஊற்றுகின்றார்களா, சங்கத்துத் தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததுண்டா என்பதைத் தோழர்கள் தங்கள் ஊரில் விசாரித்து எழுதினால் பிரசுரிப்போம்.