இன்னும் ஒரு ஓட்டை இறுக்கச் சொல்பவருக்கு

வேட்டைநாய்க்கென்று தனிக் கழுத்துப்பட்டை எதற்கு என்று கேட்டுச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் தலைமுறை தலைமுறையாகச் சாதாரணக் கயிற்றில் நின்ற நாய்களாம். அகலப் பட்டை, மார்ட்டின்கேல் எல்லாம் வெள்ளைக்காரன் கிரேஹவுண்டுக்குச் செய்த அலங்காரமாம். அதை நம் ஊர் நாய்க்கு மாட்டுவது நகரத்துப் பணக்காரர்களின் பொழுதுபோக்காம். பெல்ட் கழன்று நாய் ஓடினால் அது வளர்த்தவனின் கையாலாகாத்தனம். இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிக் கட்டினால் தீர்ந்தது. நடையில் மிடுக்குக்குக் குறைவில்லை. நாயின் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததற்கான அடையாளம்தான் கட்டுரையில் எங்கும் இல்லை.

தொட்டுப் பார்த்திருந்தால் முதலில் தெரிந்திருக்க வேண்டியது இது. லாப்ரடாருக்கும் நம் தெருநாய்க்கும் மண்டை கழுத்தைவிட அகலம். அதனால் பெல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் காதுக்குப் பின்னால் மண்டை அதைத் தடுத்துவிடும். கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி என்று கடைக்காரர் சொல்வது அந்த வகை நாய்க்குப் போட்ட கணக்கு. கண்ணால் கண்டு துரத்தும் நாய்களின் உடம்பு வேறு. சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோல், கிரேஹவுண்ட், விப்பெட், அரேபியப் பாலைவனத்துச் சலூகி எல்லாவற்றுக்கும் மண்டை ஒடுக்கம், கழுத்து நீளம். அந்தக் கழுத்தும் ஒரே பருமனில் இருப்பதில்லை; தோளருகே தடித்து, காதை நெருங்க நெருங்க மெலிகிறது. நடுக்கழுத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டிய பெல்ட் மேலே நகர்ந்து மெலிந்த இடத்துக்கு வரும்போது இடைவெளி நான்கு விரலாகிவிடும். அதற்கு மேல் அதைத் தடுக்க அந்த மண்டையில் அகலமே கிடையாது.

இது நடப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவில் நடந்துகொண்டிருக்கும் கன்னி நாய்க்குப் பின்னால் ஒரு லாரி ஏர்ஹாரன் அடிக்கிறது. நாய் நின்ற இடத்தில் உறைகிறது. காது இரண்டும் மடிந்து பிடரியோடு ஒட்டிக்கொள்கின்றன. மோவாய் தாழ்கிறது. முன்னங்காலை ஊன்றி, பின்னிடுப்பைத் தாழ்த்தி, நேராகப் பின்பக்கம் ஒரு எட்டு வைக்கிறது. பிடித்திருப்பவர் பதறி இழுக்கிறார். அந்த இழுவைதான் பெல்ட்டைக் காது தாண்டி உருவிக் கொடுக்கிறது. நாய் கடித்து அறுக்கவில்லை, துள்ளித் திமிறவில்லை. கொக்கி அப்படியே இருக்கிறது, ஊசி போட்ட ஓட்டையில் ஊசி இருக்கிறது. கையில் முழுசாக ஒரு பெல்ட் தொங்க, நாய் அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் வளர்த்தவரின் கையாலாகாத்தனம் எங்கே வந்தது? அவர் செய்த ஒரே தவறு, வேறொரு நாய்க்குச் செய்த பொருளை வாங்கியது.

இதற்குக் கட்டுரையாளர் தரும் மருந்துதான் நோயைவிட மோசம். இன்னும் ஒரு ஓட்டை இறுக்கச் சொல்கிறார். இந்த நாய் பின்வாங்கும்போதும் கழலாதபடி ஒரு சாதாரண பெல்ட்டை இறுக்க வேண்டுமானால், காதுக்குக் கீழே ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுக்க வேண்டும். நாய் தண்ணீர் குடிக்கும்போதும் தூங்கும்போதும், வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும்போதும் அது அப்படியேதான் இருக்கும். இவற்றின் தோல் மெல்லிசு, மயிர் குட்டை, தோலுக்கடியில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. இறுக்கிய நைலான் வார் சித்திரை வெயிலில் வேர்க்குரு மாதிரி ஒரு சிவப்பில் ஆரம்பிக்கும். பிறகு மயிர் கொட்டும், பிறகு புண்ணாகும். குட்டிக்குக் கட்டிவிட்டு மறந்துபோனால் கழுத்து வளர்ந்து வார் தசைக்குள்ளேயே புதைந்துவிடும். ஊர்ப்பக்கம் நாய் பார்க்கும் எந்தக் கால்நடை மருத்துவரிடம் வேண்டுமானாலும் அவர் கேட்டுப் பார்க்கலாம்.

மார்ட்டின்கேல் என்ற பொருள் பிறந்ததே இந்த இடத்தில்தான். அது ஒரு பெரிய வளையமும் ஒரு சின்ன வளையமும் சேர்ந்தது. பெரியது கழுத்தைச் சுற்றும். சின்னது பெரியதன் இரு முனைகளிலும் உள்ள கம்பி வளையங்களுக்குள் ஓடும். பிடிகயிற்றை மாட்டுவது அதில். கயிறு தளர்ந்திருக்கும்போது பட்டை கழுத்தில் சும்மா தொங்கும். நாய் பின்வாங்கினால் சின்ன வளையம் இழுபட்டுப் பெரியதைக் கழுத்தளவுக்குச் சுருக்கும். அத்தோடு நிற்கும். இழுவை விட்டால் அதுவும் தளரும். நாள் முழுக்க இறுக்கமாய் இருக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். தேவைப்படும் ஒரு நொடி மட்டும் இறுகினால் போதும் என்கிறது இந்தப் பட்டை. எது நாய்க்குக் கொடுமை?

ஆனால் அவர் மார்ட்டின்கேலைச் சோக் செயினுக்குப் பட்டுச்சட்டை போட்டது என்கிறார். இரண்டும் இறுகுகின்றன என்பது உண்மைதான். சோக் செயின் சுருக்குக் கயிறு. அதற்கு எல்லை இல்லை. இழுக்க இழுக்கச் சுருங்கும், மூச்சுக்குழாய் அழுந்தும்வரை சுருங்கும். மார்ட்டின்கேலுக்கு எல்லையை வைப்பது நாம். பட்டையை நாயின் காதுக்குப் பின்னால், கழுத்தின் மெலிந்த இடத்துக்கு ஏற்றி, சின்ன வளையத்தை முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பி வளையங்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை பெரிது, இன்னும் கழலும். அவற்றுக்கு நடுவே இரண்டு விரல் அகலம் மிஞ்சி, பட்டை கழுத்தோடு ஒட்டி நின்று, காதைத் தாண்ட மறுத்தால் அளவு சரி. இழுப்பதற்கு முன்பே கழுத்தைப் பிடித்தால் சிறிது. இந்த அளவைப் பார்க்காமல் மாட்டினால் மார்ட்டின்கேலும் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதை வாங்கியும் நாயைத் தொலைத்தவர்கள் உண்டு. பலர் பிடிகயிற்றின் கொக்கியைச் சின்ன வளையத்தில் மாட்டாமல், பெயர்த்தகடு தொங்கவிடப் பெரிய வளையத்தில் இருக்கும் குட்டி வளையத்தில் மாட்டிவிடுகிறார்கள். அப்போது அது மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய சாதாரண பெல்ட்.

பாரம்பரியத்துக்கு வருவோம், கட்டுரையாளர் ரொம்ப உணர்ச்சிவசப்பட்ட இடம் அது. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் தாத்தாக்கள் வெறும் கயிற்றில்தான் நாயைப் பிடித்தார்கள். சரி. அந்த நாய் ஒரு நாளில் எவ்வளவு நேரம் கயிற்றில் இருந்தது? தோட்டத்திலும் காட்டிலும் அவிழ்த்துவிட்டபடி திரிந்தது. முயலைத் துரத்தும்போது கழுத்தில் எதுவுமே இருக்காது. இருந்தால் உடைமுள்ளில் மாட்டிக்கொள்ளும் என்று அந்தத் தாத்தாவுக்குத் தெரியும். கயிறு உருவிக்கொண்டால்தான் என்ன? நாய் அரை மைல் ஓடிவிட்டு மத்தியானக் கூழுக்கு வீடு திரும்பும். இன்று அதே சாத்தூரையும் கோவில்பட்டியையும் தொட்டுக்கொண்டு மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு வழிச்சாலை ஓடுகிறது. முயல் வேட்டைக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டுவிட்டது. நாயோ வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வளர்கிறது. தாத்தாவின் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தக் கயிறு போதுமானதாக இருந்த காட்டை விட்டுவிட்டு வந்ததற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்க முடியாது.

அகலப் பட்டை வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்பதும் தவறு. எகிப்தில் அரசர் பள்ளத்தாக்கில் 1899இல் விக்டர் லோரே கண்டெடுத்த மைஹெர்ப்ரி என்பவரின் கல்லறையில் அலங்காரம் செய்த இரண்டு தோல் நாய்ப்பட்டைகள் இருந்தன. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. வெள்ளைக்காரன் பட்டையைப் பற்றியே பேச வேண்டுமானாலும், அது பிறந்தது வரவேற்பறையில் அல்ல, வேட்டைக்களத்தில். 1836 முதல் 2005 வரை இங்கிலாந்தில் நடந்த வாட்டர்லூ கோப்பை முயல் துரத்தும் போட்டியில் இரண்டு கிரேஹவுண்டுகளை ஒரே நேரத்தில் விட, ஓர் இழுப்பில் கழலும் தோல் பட்டைகளைப் பயன்படுத்தினார்கள். அந்தப் போட்டி எனக்குப் பிடித்தமானதல்ல, சட்டம் அதை நிறுத்தியது நல்லதே. ஆனால் நாயை வேலைக்கு வைத்தவர்கள் கழுத்தைப் பார்த்துத்தான் பட்டை செய்தார்கள். தொண்டைப் பக்கம் அகன்று, கொக்கிப் பக்கம் ஒடுங்கும் தோல் பட்டையை இன்றும் அங்கே கிரேஹவுண்டுக்கும் விப்பெட்டுக்கும் மாட்டுகிறார்கள். காரணம் எளிய கணக்கு. ஒரே இழுவையை அரை அங்குல வார் தாங்குவதற்கும் இரண்டு அங்குலப் பட்டை தாங்குவதற்கும் தொண்டையில் விழும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு மாறும்.

இங்கே அவர் ஒரு ஆய்வைத் துணைக்கு அழைத்திருக்கிறார். இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் செயற்கைக் கழுத்து ஒன்றில் ஏழு வகைப் பட்டைகளையும் ஒரு சுருக்குக் கயிற்றையும் மாட்டி இழுத்து அளந்தார்கள். இழுத்தால் காயம்படும் ஆபத்து இல்லாத பட்டை எதுவுமில்லை என்பது அவர்கள் முடிவு. இதிலிருந்து நம்மவர் வந்து சேர்ந்த இடம்: எல்லாமே கெடுதல் என்றால் முப்பது ரூபாய்ச் சங்கிலியே போதும்! எல்லா வண்டியும் மோதக்கூடியதுதான், ஆகவே பிரேக் இல்லாத வண்டி போதும் என்பதுபோல் இருக்கிறது. அதே ஆய்வில் அழுத்தம் 83 கிலோபாஸ்கலிலிருந்து 832 வரை போனது. பட்டையின் வகையும் இழுவையின் விசையும் மாற, பத்து மடங்கு. அந்த எண்கள் அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில், கழுத்துப்பட்டையில் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியது. ஹார்னெஸ் என்னும் மார்பு வாரில் இழுத்தபோது கூடவில்லை. ஆய்வுகளைப் படித்தவருக்கு அவை சொல்வது பட்டையில் இழுக்காதே என்பது. எந்தப் பட்டையிலும் இழு என்பதல்ல.

பட்டை வேண்டாம், ஹார்னெஸ் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், நல்லதும்கூட. ஆனால் கடையில் தொங்கும் சாதாரண ஹார்னெஸிலிருந்தும் இந்த நாய்கள் பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். மார்பு ஆழம், இடுப்பு ஒட்டியது. மார்பு வார் முன்னால் சரிந்தால் உடம்பு முழுக்க வெளியே. விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்கும் இடத்தில் மூன்றாவது வார் ஒன்று உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பத்து மீட்டர் கயிறு விஷயத்தில்தான். நாய்க்குச் சுதந்திரம் கொடுங்கள் என்று உருகி, அந்த நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையிலேயே மாட்டச் சொல்கிறார். இருபது கிலோ சிப்பிப்பாறை நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தை எட்டச் சில பாய்ச்சல் போதும். கயிறு முடியும் இடத்தில், கயிறும் கழுத்தும் நெகிழ்ந்து அரை மீட்டரில் அதை நிறுத்துகின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் கழுத்தில் விழும் சராசரி விசை 2,000 நியூட்டன், அதாவது இருநூறு கிலோ எடை தொங்குவதற்குச் சமம். கிரேஹவுண்ட் இன்னும் கனம், மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. அதற்கு இந்தக் கணக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை. சிப்பிப்பாறையின் கழுத்தைப் பலமாகக் காயப்படுத்த அந்த 2,000 நியூட்டனே போதும். நீளக் கயிறு வேண்டுமென்றால் மார்பு வாரில் மாட்டுங்கள். கழுத்தில் மாட்டினால் பிடிகயிறு ஆறடியைத் தாண்டக் கூடாது.

நன்றாகப் பழக்கிய நாய் கூப்பிட்டால் வரும் என்பது அவருடைய அடுத்த துருப்பு. ஓணானைக் கண்ட கன்னியைக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு என்பது அவற்றை வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அவற்றை இவர் எப்படிக் கூப்பிடுவார்? தீபாவளி இரவில் பழக்கமும் கிடையாது, ஒழுக்கமும் கிடையாது.

அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பிராட்வே சந்தையிலிருந்து பெரிய மால் வரைக்கும் கல் பதித்த, சலங்கை கட்டிய, வெல்வெட் பூசிய பட்டைகள் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றின் கம்பி வளையம் பற்றவைக்காத வெறும் வளைவு. ஒரு வெடுக்கில் வாய் பிளந்துவிடும். பிளாஸ்டிக் பூட்டு வெயிலில் கிடந்து விரிசல் விடும். கடற்கரையோர வீடுகளில் மட்டமான கொக்கி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துவிடும். இந்தக் குப்பையை அவர் திட்டினால் கூடச் சேர்ந்து நானும் திட்டுவேன். இன்னொன்றும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை: வீட்டுக்குள் வந்ததும் மார்ட்டின்கேலைக் கழற்றிவிட வேண்டும். அந்தச் சின்ன வளையம் கிரில் கேட்டின் கம்பியிலோ, விளையாடும் இன்னொரு நாயின் கோரைப்பல்லிலோ மாட்டினால், இறுகும் குணமே எமனாகும். வீட்டில் வெறுங்கழுத்தே நல்லது. பெயர்த்தகடு வேண்டுமென்றால் இழுபட்டால் தானே பிரியும் பட்டையில் தொங்கவிடலாம்.

கட்டுரையை முடிக்கும்போது, வீட்டில் கட்டிப்போட இரண்டடி இரும்புச் சங்கிலி தாராளம், நாய் அடங்கிக் கிடக்கும் என்று ஒரு போனஸ் யோசனையும் தந்திருக்கிறார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் அதன்படி குற்றம். அவருடைய யோசனையில் இரண்டுமே அடங்கிவிட்டன.