பேய்மிரட்டியை மிரட்டாதீர்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஏரிக்கரைகளில் தானாக முளைக்கும் பேய்மிரட்டிக்கு இப்போது இரண்டு பக்கமும் இடி. ஒருவர் களை என்று விஷம் தெளிக்கிறார். இன்னொருவர் தெய்வீக மூலிகை என்று வேரோடு பிடுங்கிப் பாக்கெட்டில் விற்கிறார். இரண்டுமே அநியாயம்.

முதலில் களை என்பவருக்கு. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் களைக்கு ‘மொவேஸ் எர்ப்’ என்று பெயர். கெட்ட செடி என்று பொருள். நம் தமிழ் அப்படித் திட்டவில்லை. பயிருக்கு நடுவே முளைத்து அதன் பங்கைத் தின்பதுதான் நமக்குக் களை. ஏரிப் புறம்போக்கில் பயிர் ஏது ஐயா, களை வருவதற்கு?

துளசி, தும்பை குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. ஊதாப் பூவில் தேனீ மொய்க்கும். காய்ச்சலுக்கும் குழந்தைகளின் மாந்தத்துக்கும் சித்த வைத்தியம் இதைச் சொல்கிறது. பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் நனைத்தால் திரியாக எரியும். இலையில் உள்ள ரோமம் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில், ‘கரிந்தும்பை’ என்று படத்தோடு இடம்பெற்ற செடி. டச்சுக்காரன் கண்ணில் பட்டது நம் கண்ணில் படவில்லை.

புதர் மண்டினால் பாம்பு வரும் என்பார்கள். நியாயம்தான். வழியோரம் அறுத்துவிடுங்கள். இது பல வருஷம் வாழும் செடி. அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து மழைக்குத் துளிர்க்கும். கிளைபோசேட் அடித்தால் மருந்து இலை வழியாக வேருக்கு இறங்கிவிடும். பிறகு துளிர்க்க எதுவும் மிஞ்சாது. பக்கத்துத் தும்பையும் கீழாநெல்லியும் சேர்ந்தே சாகும். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் இந்த மருந்தைத் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. ஆணை அரசிதழில் இருந்தால் போதுமா? கரைக்கு வர வேண்டாமா?

அடுத்து, பேய் ஓட்டும் என்று விற்பவருக்கு. புகை போட்டால் கொசு ஓடும். பேயைப் பற்றி எனக்குத் தெரியாது. இலைதானே வேண்டும்? இலையைப் பறித்துக்கொண்டு வேரை விட்டுவிடுங்கள்.

நண்பர்களே, அடுத்த கிராம சபையில் ஒரு மனு கொடுங்கள்: “ஏரிக்கரையில் அறுக்கலாம், மருந்து தெளிக்கக் கூடாது.” ஒரே வரி போதும். தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறட்டும். பதிவேட்டில் ஏறாத விஷயத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. அதிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன்.